பதினான்கு பேரும் ஒரு மெக்கானிக்கும்

என் அக்காவின் கணவரை எங்கள் வீட்டில் பதினெட்டு வருடங்களாக ‘ஓடிவந்தவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அந்த அளவுக்கு எங்களுக்கு நாகரிகம் உண்டு. அவர் எழுந்து கை கழுவப் போனதும் அப்பா ஆரம்பிப்பார், நான் பின்பாட்டுப் பாடுவேன். சண்டை உச்சத்தில் இருந்தபோது ராணுவ முகாமிலிருந்து இருபத்துமூன்று நாள் காணாமல் போனவர், திரும்பி வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் எனக்குப் போதும். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். மனிதர் சொல்வதைவிடக் காகிதம் சொல்வதை நம்பித்தான் எனக்குச் சம்பளம்.

மாமா ராணுவத்தில் இருந்தபோதும் துப்பாக்கி தூக்கிய ஆள் இல்லை. லாரி மெக்கானிக். வெளியே வந்த பிறகும் அதே வேலைதான். நகரத்தின் ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போனால், சாப்பாட்டு நேரத்தில் கால்கள் முதலில் வெளியே வரும், பிறகு மீதி ஆள் வருவார். இடது கால் கொஞ்சம் இழுக்கும். தொடையில் ஒரு இரும்புத் துண்டு தங்கிவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள். ஓடும்போது எங்கேயாவது விழுந்திருப்பார் என்று நான் சொன்னேன். அன்று அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தி, மறுபடி பேச இரண்டு மாதம் ஆனது. மாமாவோ கல்லுளிமங்கன். திட்டினாலும் சிரிப்பார், பாராட்டினாலும் அதே சிரிப்பு. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதரைப் பற்றி என்ன பேசினாலும் கேட்பாரில்லை என்ற தைரியம் எங்களுக்கு.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பிற்பகல், அக்கா கொடுத்தனுப்பிய மருந்தை அவரிடம் சேர்க்கப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்குப் போகும் சந்தில் நீளமான சரக்கு லாரி ஒன்று வந்து சிக்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சுவர் இடிந்து கிடந்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் இளைஞன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவனுக்கு. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாமா லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார், கையைத் துடைத்தார், பின்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கச் சொன்னார். பிறகு ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தபடியே அந்தப் பெரிய லாரியை ரிவர்ஸில் எடுத்தார். இரண்டு வளைவு, மூன்று தெரு. எங்கும் உரசவில்லை. பிரதான சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினார். நான் கைதட்டப் போனேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

தண்ணீர் வாங்கிக் கொடுத்து, என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ரொம்ப நாளாச்சுடா ரிவர்ஸ்ல எடுத்து. அன்னைக்கு ஆறு கிலோமீட்டர்.”

என்றைக்கு என்று கேட்டேன். அன்று மாலை வரை பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அவரிடமிருந்து பிடுங்கினேன். பல் பிடுங்குவதுகூட எளிது. அவர் சொன்னதைக் கோர்த்துச் சொல்கிறேன்.

மலைமேல் இருந்த காவல் அரணை எதிரிகள் சுற்றி வளைத்திருந்தார்கள். போக ஒரே ஒரு ரோடு, ஒரு லாரி மட்டுமே போகும் அகலம். அங்கே காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொண்டுவர ஆறு லாரிகள் உடனே புறப்பட வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்தது. ஆறாவது லாரியின் டிரைவருக்குக் கடுமையான காய்ச்சல். அந்த டிரைவரை எல்லோரும் ‘மீசை’ என்பார்கள். அந்த வண்டிப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. டிரைவர் படுத்துவிட்டால் மேலே சொல்லமாட்டார்கள். சொன்னால் பிரிவின் பொறுப்பாளருக்குக் கெட்ட பெயர். மெக்கானிக் ஒருவர் சத்தமில்லாமல் வண்டியை எடுத்துப் போவார், ஓட்டப் பதிவேட்டில் டிரைவர் பெயரையே எழுதுவார்கள். அன்று மாமாவின் முறை.

மலையில் குளிர் கொல்லும். பட்டறையிலேயே இருக்கும் மெக்கானிக்குக் கம்பளிக் கோட்டு கொடுப்பதில்லை. மீசையின் கோட்டு சீட்டுக்குப் பின்னால் தொங்கியது. நெஞ்சுப் பக்கம் மீசையின் பெயர் தைத்த கோட்டு. மாமா அதைப் போட்டுக்கொண்டார். அவருடைய சொந்த அடையாளத் தகடு பட்டறையில் ஆணியில் தொங்கியது. கழுத்தில் சங்கிலியோடு ஓடும் இன்ஜினுக்குள் குனிந்தால் ஃபேன் பெல்ட் கழுத்தைச் சேர்த்து இழுத்துவிடும் என்று மெக்கானிக்குகள் எல்லோரும் தகட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவசரத்தில் அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

பாதி வழியில் குண்டுகள் விழத் தொடங்கின. முன்னால் போன ஐந்து லாரிகளில் ஒன்று எரிந்தது. மற்ற நான்கின் டிரைவர்களும் குதித்து ஓடினார்கள். ஓடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பதிவேட்டில் இன்றுவரை ஒரு பொட்டு சிவப்பு மை கிடையாது. மாமா அந்த நான்கையும் முட்டிப் பள்ளத்தில் தள்ளி, எரிந்த லாரியைப் பாறையோரமாக உரசிக்கொண்டு மேலே போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். “மேல ஆளுங்க காத்திட்டிருந்தாங்களே” என்றார். பயமாக இல்லையா என்றதற்கு, பயத்தில் கால்சட்டை நனைந்துவிட்டது என்று கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்.

அரணில் பதினான்கு பேரை ஏற்றினார்கள். பின்னால் பதின்மூன்று பேருக்கு மேல் படுக்க இடமில்லை. வயிற்றில் காயம்பட்ட கேப்டன் ஒருவரை முன் சீட்டில் மாமாவின் மேல் சாய்த்து வைத்தார்கள். வண்டியைத் திருப்பும் ஒரே இடத்தில் குண்டு விழுந்து பள்ளமாகிவிட்டது. அதனால் ரிவர்ஸிலேயே வந்தார். பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடி ஆறு கிலோமீட்டர். எரிந்த லாரி அதற்குள் சரிந்து வழியை அடைத்திருந்தது, அதைப் பின்பக்கத்தாலேயே முட்டிப் பள்ளத்தில் தள்ளினார். அடிவாரத்து மருத்துவக் கூடாரத்தில் பதினான்கு பேரையும் உயிரோடு இறக்கினார். கேப்டன் குளிரில் நடுங்கியதால் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டார். ரேடியேட்டர் கொதித்தது என்று தண்ணீர் எடுக்க ஓடைக்கு நடந்தார். அப்போது விழுந்த குண்டில் தொடை கிழிந்தது.

ஓடைப் பக்கம் தப்பியோடிக்கொண்டிருந்த ஊர் மக்கள் அவரையும் தங்கள் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எண்ணெய்க் கறை படிந்த உடை, கோட்டு இல்லை, தகடு இல்லை, நினைவும் இல்லை. ‘பெயர் தெரியாத தொழிலாளி’ என்று கட்டிலில் எழுதி மாட்டினார்கள். இருபத்துமூன்று நாள் கழித்து, நடக்க முடிந்ததும், தாங்கித் தாங்கி முகாமுக்குத் தானாகத் திரும்பிப் போனார். பெருமையோடுதான் போனார் என்று நினைக்கிறேன். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதற்குள் மீசை வேறொரு பயணத்தில் இறந்துபோயிருந்தான். ஓட்டப் பதிவேட்டில் மீசையின் பெயர் இருந்தது. கேப்டன்மேல் கிடந்த கோட்டிலும் அந்தப் பெயரே இருந்தது. பதினான்கு பேரைக் காப்பாற்றியதற்கு மீசைக்குப் பதக்கம் அறிவித்துவிட்டார்கள். விசாரணையில் மாமா நடந்ததைச் சொன்னார். அப்படி ஒரு பழக்கமே எங்கள் பிரிவில் இல்லை என்று பொறுப்பாளர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். பொய்க் கணக்கெழுதியவர் அதைத்தானே சொல்வார். குதித்து ஓடிய நால்வரும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அது உண்மைதான், அவர்கள் அங்கே இருந்தால் அல்லவா பார்ப்பதற்கு.

இதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நம்பவில்லை. உன் காதில் பூச்சுற்றியிருக்கிறார் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாதிக் கோபம் என்மேலேயே. பதினெட்டு வருடம் நான் பாடிய பின்பாட்டு என் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. அக்காவிடம் போய், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்றேன். முதல் நாளிலிருந்து என்றாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேன், நீங்கள் இருவரும் சிரித்தீர்கள் என்றாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் எல்லா அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பிய ஓர் அறிவிப்பு என் மேசைக்கும் வந்தது. போர்க் காலத்தில் தண்டனைக் குறிப்பு எழுதப்பட்டவர்கள் மறுபரிசீலனைக்கு மனுச் செய்யலாம். ஒரே ஒரு வாய்ப்பு, தொண்ணூறு நாள் கெடு. சம்பவத்தை நேரில் அறிந்த ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நான் மனுத்தாளோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமா வேண்டாம் என்றார். மீசையின் அம்மா இன்னும் உயிரோடு இருந்தால், அவளிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்குவதா என்று கேட்டார். பதக்கம் யாருக்கும் வேண்டாம், அந்தச் சிவப்பு மையை மட்டும் அடித்தால் போதும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்ற பக்கமாக. அப்போது அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை.

“எனக்காகப் போயிட்டு வாங்க” என்றாள். “எங்க அப்பா சாகறதுக்குள்ள ஒரு தடவை உங்களை மாப்பிள்ளைனு கூப்பிடணும்.”

மாமா மனுத்தாளை என் கையிலிருந்து வாங்கினார்.

பொறுப்பாளர் இறந்துவிட்டார். ஓடிய நால்வரில் முகவரி கிடைத்த ஒருவருக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பின்னால் படுத்து வந்த பதின்மூன்று பேர் டிரைவரின் முகத்தையே பார்த்ததில்லை. மிச்சம் அந்தக் கேப்டன். பழைய செய்தித்தாள்களைத் துழாவி, மீசையின் நினைவு நாளில் அவர் பேசிய செய்தியிலிருந்து ஆளைக் கண்டுபிடித்தேன். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம். கெடு முடிய மூன்று நாள் இருந்தது.

பேருந்தில் மாமாவுக்கு நான் பாடம் நடத்தினேன். கேட்டதற்குப் பட்டென்று பதில் சொல்ல வேண்டும், இழுக்கக் கூடாது, தெரியாது என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. அவர் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல எல்லாவற்றுக்கும் சரி என்றார். புதிதாகச் சவரம் செய்திருந்தார். விரல் இடுக்கில் இருந்த கறையைப் போக்க அக்கா காலையில் பிரஷ் வைத்துத் தேய்த்திருந்தாள், தோல் சிவந்திருந்தது.

கேப்டன் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. சின்ன, சுத்தமான வீடு. செருப்புகள்கூட வரிசையாக நின்றன. நல்ல மனிதர், அதை நான் சொல்லியாக வேண்டும். தடியை ஊன்றி வாசல்வரை வந்து அழைத்துப்போனார். மாமா எந்தப் பிரிவு என்பதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, அப்படியானால் மீசையைத் தெரியுமா என்றார். சுவரில் மீசையின் பெரிய புகைப்படம் இருந்தது. வருடா வருடம் மீசையின் அம்மாவைப் பார்க்கப் போவதாகவும், அந்தக் கோட்டை அவளிடமே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவர் பேரனுக்கு மீசையின் நிஜப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாமா கோப்பையைத் தொடவில்லை. புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இப்போது ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் சொன்னார்.

“அன்னைக்கு வண்டி ஓட்டினது மீசை இல்லை சார். நான்தான்.”

 கேப்டன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழுவதையும் சொல்லச் சொன்னார். காய்ச்சல், கோட்டு, தகடு, ஓடை என்று மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கேப்டன் இடையில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் தடியின் பிடியைத் தடவினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றார். “வழி முழுக்க நான் பேசிட்டே வந்தேன். அந்தப் பேச்சுதான் என் உயிரைப் பிடிச்சு வெச்சுது. நான் என்ன சொன்னேன், சொல்லுங்க.”

எனக்கு உயிர் வந்தது. இது சுலபமான கேள்வி. வயிறு கிழிந்து கிடக்கிறவன் என்ன பேசுவான்? தண்ணீர் கேட்டிருப்பான், அம்மா என்றிருப்பான், வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பான். மேசைக்கு அடியில் மாமாவின் காலை என் காலால் அழுத்தினேன்.

“எனக்குக் கேக்கலை சார்” என்றார் மாமா.

கேப்டன் அவரையே பார்த்தார்.

“ரிவர்ஸ்ல வந்தேன். தலை முழுக்க வெளிய இருந்துச்சு. இன்ஜின் சத்தம் வேற. நீங்க இருக்கீங்களான்னு அப்பப்ப மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்துக்குவேன். அவ்வளவுதான்.”

கேப்டன் மெதுவாகத் தலையை ஆட்டினார். “அவன் கேட்டான். நான் சொன்னதுக்கெல்லாம் பதில் சொன்னான். என் பொண்ணுக்கு அப்ப மூணு மாசம். அவ சிரிக்கிறாளா, யார் ஜாடைன்னு கேட்டுட்டே வந்தான். என்னைத் தூங்கவே விடலை. ரிவர்ஸ்ல வந்ததாவும் எனக்கு ஞாபகம் இல்லை. நேராத்தான் வந்தோம்.”

ரத்தம் போய்க்கொண்டிருந்த மூளை தனக்கு வேண்டியதைத் தானே பேசிக் கேட்டிருக்கிறது. இது எனக்குப் புரிந்தது, அங்கேயே சொல்லியும் பார்த்தேன். சார், அது காயத்தின் மயக்கமாக இருக்கலாம் என்றேன். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் தன் காதில் கேட்கும் குரலை மயக்கம் என்று யார் ஒப்புக்கொள்வார்? அவர் என்னிடமும் கோபப்படவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது, அது உங்கள் முகத்திலேயே தெரிகிறது, ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை என் அலுவலக மேசையிலிருந்து நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து கேட்பது அதுவே முதல் முறை. 

தெருமுனை வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு வெடித்தேன். அம்மா என்று கூப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெழுத்துக் கிடைத்திருக்குமே, அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கேடு என்று நடுத்தெருவில் கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா இழுக்கும் காலோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். தான் அம்மா என்று கூப்பிட்டதாகக் கேப்டனுக்கு ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம், அப்போது என் யோசனையால் மாமா பொய்யராகவும் ஆகியிருப்பார் என்பது எனக்குப் பேருந்து ஏறிய பிறகுதான் உறைத்தது.

மூன்று மணி நேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் அவர்கிட்ட பேசியிருக்கணும்டா. பாவம், அவ்வளவு தூரம் தனியாவே பேசிட்டு வந்திருக்கார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறார் என்றுகூடத் தோன்றவில்லை. பதினான்கு பேரை இறக்கிவிட்டு, அதற்குப் பரிசாக ஓடிவந்தவர் என்ற பெயரை வாங்கிய மனிதர், தான் செய்யாமல் விட்ட ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட அப்போது எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தவள் உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்துவைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள். சொன்னேன் என்றார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாய்த் தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

மறுநாள் காலையில் மாமா மனுத்தாளை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். எல்லாக் கட்டங்களையும் நான் முன்பே நிரப்பியிருந்தேன். சாட்சியின் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது வெறுமையாக இருந்தால் மனுவை வாங்கவே மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

“அதைக் காலியா விடாத. அவர் பேரை எழுது” என்றார்.

“அவர்தான் முடியாதுன்னுட்டாரே மாமா.”

“அதையும் எழுது. நேர்ல போய்க் கேட்டோம், தனக்குத் தெரியாதுன்னு சொன்னார்னு எழுது. அவர் சொன்னதை மாத்தாத.”

இருபது வருடமாக மனுக்களைப் பார்த்துவருகிறேன். தள்ளுபடி செய்வதற்கான காரணத்தை மனுதாரரே எழுதிக் கொடுத்த மனு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன். மாமா தாளை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார், கையெழுத்துப் போட்டார்.